நான் அனுப்பாத பத்தி

ஆலங்குடி,
14.10.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கலைமதி எழுதுவது. இங்கே நானும் அவரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் நலமா? காது ஆபரேஷனுக்குப் பிறகு போனில் பேசினால் உங்களுக்குச் சரியாக விளங்குவதில்லை என்று அக்கா சொன்னாள். வாட்ஸ்அப்பில் நாலு வரிக்கு மேல் போனால் நீங்கள் படிப்பதில்லை. எனக்கோ நாலு வரியில் அடங்காத கோபம். அதனால்தான் தபால்.

அருங்காட்சியகக் காப்பாட்சியர் பணிக்குப் பரீட்சை எழுதினேன் அல்லவா, அதன் உத்தேச விடைகளைப் போன வியாழக்கிழமை வெளியிட்டார்கள். 87-ஆவது கேள்வி, டோரோசாரஸ் என்பது என்ன? 'ஏ, தனிப் பேரினம்' என்று நான் குறித்தேன். 'பி, டிரைசெரடாப்ஸின் முதிர்ந்த நிலை' என்கிறது தேர்வு வாரியம்.

நீங்கள் விலங்கியல் பேராசிரியர். உங்களுக்கு விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஆனாலும் எழுதி ஆற வேண்டியிருக்கிறது. இரண்டுமே மூன்று கொம்பு டைனோசர்கள். இரண்டுக்கும் கழுத்துக்கு மேலே முறம் மாதிரி எலும்புத் தகடு. ஒன்றின் தகட்டில் ஓட்டை இல்லை, மற்றதில் இரண்டு பெரிய ஓட்டை. 2010-இல் இரண்டு பேர் வந்து, "இரண்டும் ஒன்றுதான், வயதானால் ஓட்டை விழும், டோரோசாரஸ் என்பது கிழட்டு டிரைசெரடாப்ஸ்" என்றார்கள். உலகமெல்லாம் பத்திரிகைச் செய்தி ஆனது. அதற்கடுத்த இரண்டு வருடத்திலேயே மறுப்பு வந்துவிட்டது. முழுதும் வளர்ந்த டிரைசெரடாப்ஸிலும் ஓட்டை இல்லை, வளர்ந்து முடியாத டோரோசாரஸிலும் ஓட்டை இருக்கிறது. 2022-இல் கனடாவில் கிடைத்த ஒரு டோரோசாரஸின் எலும்பைப் பாக்குச் சீவல் மாதிரி சீவிப் பார்த்தார்கள். அது இன்னும் வளர்ந்துகொண்டிருந்த விலங்கு. பெரும்பாலோர் இன்று அதைத் தனிப் பேரினம் என்றே வைத்திருக்கிறார்கள். 2010-இலேயே நின்றுபோன யாரோ ஒருவர் இந்தக் கேள்வியைத் தயாரித்திருக்கிறார். அவர் கையில் என் வேலை!

இருபதாம் தேதிக்குள் ஆட்சேபணை அனுப்ப வேண்டும். நாலு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துத் திருத்தம் சொல்லுங்கள். உங்கள் பதில் வராவிட்டாலும் அனுப்பிவிடுவேன். அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
கலைமதி

*

நாகர்கோவில்,
29.10.2024

அன்பு கலைமதிக்கு,

குணசேகரன் எழுதுவது. இறையருளால் இங்கு நானும் உன் அக்காவும் சௌக்கியம். சகலை அடைக்கலத்துக்கு ரத்தக்கொதிப்பு எப்படி இருக்கிறது? தேங்காய் லோடு ஏற்றி இறக்குவதைக் குறைத்துக்கொள்ளச் சொல். உப்பையும் குறைக்கட்டும்.

ஒரு வேலையாக வெளியூர் போயிருந்தேன். அதனால்தான் தாமதம். உன் நாலு பக்கத்தையும் படித்தேன். தமிழ் நன்றாக இருக்கிறது. அனுப்புவதும் அனுப்பாததும் உன் விருப்பம். அனுப்பியிருந்தால் அதோடு மறந்துவிடு. ஒரு கேள்வியால் யாருடைய வாழ்க்கையும் நின்றுவிடாது.

அக்கா உங்களுக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். தீபாவளி நல்வாழ்த்து.

அன்புடன்,
குணசேகரன்

*

ஆலங்குடி,
08.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதமும் முறுக்கும் வந்தன. அவருக்கு ரத்தக்கொதிப்பு பரவாயில்லை. இப்போது எனக்குத்தான் பார்க்க வேண்டும்.

நான் கேட்டது என் தமிழைப் பற்றியா? வாதம் சரியா தப்பா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

பத்தொன்பதாம் தேதியே அனுப்பிவிட்டேன். அதிலும் ஒரு கொடுமை. அவர்களுடைய இணையதளத்தில் ஆயிரம் எழுத்துக்கு மேல் ஏற்காது. நாலு பக்கத்தை ஒன்றாக்கினேன். கனடாப் பத்தி முழுவதையும் வெட்ட வேண்டியதாயிற்று. என்னுடைய ஆகச் சிறந்த ஆதாரம் அது. கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக அழிக்கும்போது பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. 2011, 2012 மறுப்புகளை மட்டும் வைத்து அனுப்பியிருக்கிறேன். படிக்கத் தெரிந்தவருக்கு அதுவே போதும்.

அக்காவுக்கு என் அன்பு.

கலைமதி

*

ஆலங்குடி,
20.12.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஆறு வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. அக்காவைக் கேட்டால், "எழுதுவார்டி, பரீட்சை நேரம்" என்கிறாள்.

இறுதி விடை வந்துவிட்டது. 87-க்கு அதே 'பி'. தரவரிசையும் வந்துவிட்டது. நம் மாவட்டத்துக்கு ஒரே ஓர் இடம். முதலாவது, கறம்பக்குடியைச் சேர்ந்த அரவிந்த்குமார் என்பவர். இரண்டாவது நான். எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? ஒரே ஒரு கேள்விக்கான மதிப்பெண்.

பதினோரு வருடம் கழித்து வந்த அறிவிப்பு இது. அடுத்தது வரும்போது எனக்கு ஐம்பது. அதுவரை இந்தப் பள்ளியில் அறிவியலும் நடத்தி, ஆள் வராத வகுப்புக்கு ஓவியமும் நடத்தி, பஸ் வாசலில் நின்று பிள்ளைகளை எண்ணி ஏற்ற வேண்டும். ஆசிரியர் அறைக்குள் வந்தால் ஆளாளுக்கு ஆறுதல். "போனா போகுது டீச்சர், ஒங்களுக்குக் குடுத்து வைக்கல." கொடுத்து வைக்காமல் இல்லை. கொடுத்து வைத்ததைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

மதுரையில் உயர்நீதிமன்றக் கிளையில் வழக்குப் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். என் ஆட்சேபணையை எந்தக் காரணத்தால் நிராகரித்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறேன். உங்களிடம் வேண்டுவது ஒன்றே ஒன்று. டோரோசாரஸ் தனிப் பேரினம் என்பதே இன்றைய பெரும்பான்மைக் கருத்து என்று, துறை அறிஞர் என்ற முறையில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். முப்பது வருடம் பாடம் நடத்தியவர் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு என்கிறார் வக்கீல்.

கலைமதி

*

நாகர்கோவில்,
06.01.2025

அன்பு கலைமதிக்கு,

புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள். நாங்கள் நலம். காதில் மறுபடி இரைச்சல். வைத்தியம் நடக்கிறது.

நீ கேட்ட கையெழுத்தை என்னால் தர இயலாது. நான் அரசு உதவி பெறும் கல்லூரியில் வேலை பார்ப்பவன். வாரியத்துக்கு எதிராக எழுதிக் கொடுத்தால் சிக்கல் வரும். தவறாக எண்ணாதே. மேலும், அறிவியலில் எதுவும் இறுதி இல்லை. இன்று தனிப் பேரினம் என்பார்கள், நாளை ஒன்று என்பார்கள். அதற்காக வழக்கு, மதுரை என்று அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? தஞ்சாவூரில் எனக்குத் தெரிந்த தனியார் கல்லூரி ஒன்று இருக்கிறது. உனக்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
குணசேகரன்

*

ஆலங்குடி,
25.01.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். நலமறிய ஆவல். தஞ்சாவூர் வேண்டாம்.

அறிவியலில் எதுவும் இறுதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த நாலு விடையில் ஒன்றை மட்டும் சரி என்று எப்படி இறுதி செய்தார்கள்? 1887-இல் டிரைசெரடாப்ஸின் கொம்புகள் முதலில் கிடைத்தபோது, ஏதோ பெரிய காட்டெருமையின் கொம்பு என்று பெயர் வைத்தவர் சாதாரண ஆள் இல்லை. பெரிய மேதை. இரண்டு வருடத்தில் வேறு மண்டை ஓடுகள் கிடைத்ததும், காட்டெருமை இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். அதைத்தான் நான் அறிவியல் என்று படித்திருக்கிறேன். தெரிந்த பிறகும் காட்டெருமை என்றே சாதிப்பதற்கு வேறு பெயர்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவரும் சொன்னார், "விடு கலை. ஒரு மார்க்குக்காக மதுர வரைக்கும் போகணுமா?"

"மார்க்குக்காக இல்லங்க. நான் சரியா எழுதிருக்கேன்."

"சரிதான்னு ஒனக்குத் தெரியுதுல்ல? அது போதாதா?"

"எனக்குத் தெரிஞ்சு என்னங்க பிரயோசனம்? தப்புன்னு அவங்க எழுதி வச்சிருக்காங்கல்ல?"

வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு, "சரி, திங்கக்கெழம வண்டி எடுக்கல. வா, போவோம்" என்றார். டோரோசாரஸ் ஆடா மாடா என்று அவருக்குத் தெரியாது, அத்தான். அவர் வந்தார்.

மனு தாக்கலாகிவிட்டது. பணி நியமனத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்திருக்கிறது.

கலைமதி

*

நாகர்கோவில்,
11.02.2025

அன்புத் தங்கச்சி கலைக்கு,

அக்கா பிரகதாம்பாள் எழுதுவது. நீயும் அவரும் சுகந்தானே? உன் அத்தானுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீ எழுதுகிற கடிதம் வந்தால் மூன்று நாளைக்கு அவர் யாரோடும் பேசுவதில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கிறது. அக்டோபர் கடைசியில் சென்னையில் ஏதோ மீட்டிங் என்று போய்விட்டு வந்ததிலிருந்தே ஆள் சரியில்லை. என்ன மீட்டிங் என்று கேட்டால், "ஆபீஸ் விஷயம், ஒனக்கெதுக்கு?" என்கிறார். இருக்கிற கவலையோடு நீயும் சேர்ந்து வறுக்க வேண்டாம், தாயி. உன் கோபம் எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் என் ஜடையைப் பிடித்தால் விடமாட்டாய். இதை விட்டுவிடு. எனக்காக.

உன் அக்கா

*

ஆலங்குடி,
03.03.2025

குணசேகரன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பு இல்லை.

தகவல் அறியும் சட்டத்தில் கேட்டதற்கு வாரியத்தின் பதில் வந்திருக்கிறது. வல்லுநர் குழு சென்னையில் கூடிய நாள் 26.10.2024. பெயர்களை மறைத்துவிட்டார்கள். காரணத்தை மறைக்கவில்லை. அப்படியே எழுதுகிறேன்:

'கனடா மாதிரியின் எலும்புச் சீவல் ஒரேயொரு விலங்கினுடையது. ஒன்றைக் கொண்டு பேரினத்தை முடிவு செய்ய இயலாது. ஆட்சேபணை நிராகரிக்கப்படுகிறது.'

நான் கனடாவைப் பற்றி வாரியத்துக்கு ஒரு வரியும் எழுதவில்லை. அந்தப் பத்தியை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். ரசீதோடு நகல் என்னிடம் இருக்கிறது. நான் அனுப்பாத பத்திக்கு வாரியம் பதில் சொல்லியிருக்கிறது! அந்தப் பத்தியைப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் நான். எலும்புச் சீவல் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லாத சொல். பாக்குச் சீவலைப் பார்த்து அந்தப் பத்தியில் நானே வைத்தது.

பத்தி வெட்டப்பட்டதை நவம்பரில் உங்களுக்கு எழுதினேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நீங்கள் வாய் திறக்கவில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது.

"ஒரு வேலையாக வெளியூர் போயிருந்தேன்." என்ன வேலை, அத்தான்? என்னைக் குழியில் தள்ளுவதும் ஒரு வேலையா? தள்ளிவிட்டு வந்த மூன்றாம் நாள் உட்கார்ந்து, தமிழ் நன்றாக இருக்கிறது என்று எழுதினீர்களே, அந்தக் கை எப்படி எழுதியது? முறுக்கு வேறு!

கலைமதி

*

நாகர்கோவில்,
24.03.2025

கலைமதிக்கு,

நீ கண்டுபிடித்தது உண்மை. மூன்று வாரம் இதை எழுதி எழுதிக் கிழித்தேன்.

அந்தக் கேள்வியையும் நான்தான் தயாரித்தேன். 2011-இல். முந்தின வருடம் வந்த செய்தி அப்போது புதிது. அது பற்றி ஒரு கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்த சூட்டில் எழுதி, வினா வங்கிக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பதின்மூன்று வருடம் கழித்து அதை எடுத்துப் பயன்படுத்துவார்கள் என்றும் எனக்குத் தெரியாது.

குழுவில் சேரும்போது, தேர்வு எழுதுவோரில் உறவினர் யாரும் இல்லை என்று கையெழுத்து வாங்கினார்கள். படிக்காமலே போட்டேன். நீ எழுதுவது எனக்குத் தெரியும். மனைவியின் தங்கை உறவினர் கணக்கில் வருவாள் என்று அந்த நேரம் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. அழைத்தார்களே என்ற பெருமை இருந்தது.

பிறகு உன் ஆட்சேபணை மேசைக்கு வந்தது. பதிவு எண் மட்டும்தான் இருந்தது. முதல் வரியிலேயே உன் நடை என்று தெரிந்தது. அதை ஏற்றால், பிறகு விஷயம் வெளியே வந்து கொழுந்தியாளுக்குச் சாதகம் செய்தான் என்பார்கள். விலகினால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்பார்கள். மறுப்பதுதான் எனக்குப் பாதுகாப்பாகப் பட்டது. மற்ற இருவரும், "சார், நீங்க சொன்னா சரி" என்றார்கள். உன் வாதத்தில் ஒரே பலவீனம் கனடாப் பத்திதான் என்று ரயிலில் போகும்போதே எனக்குத் தோன்றியிருந்தது. உன் நாலு பக்கமும் மனதில் இருந்ததால், நீ எதை அனுப்பினாய் என்று சரியாகப் பார்க்காமலே எழுதிவிட்டேன்.

நீ சொல்வது சரி என்று அப்போதே எனக்குத் தெரியும். என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. என்ன செய்யட்டும்?

குணசேகரன்

*

ஆலங்குடி,
01.04.2025

அத்தானுக்கு,

இப்போது எனக்கு எழுதியதையே நீதிமன்றத்துக்குப் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொடுங்கள். கேள்வி உங்களுடையது, கையெழுத்து உங்களுடையது, நிராகரித்த காரணம் உங்களுடையது, என் விடை சரி. நாலும் இருக்க வேண்டும். வக்கீல் முகவரி இணைத்திருக்கிறேன்.

அக்காவை வைத்து என்னைக் கரைக்கப் பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் அவளிடம் நீங்களே சொல்லுங்கள். நான் சொல்லும்படி வைத்துக்கொள்ள வேண்டாம்.

கலைமதி

*

நாகர்கோவில்,
19.07.2025

அன்பு கலைமதிக்கு,

நலந்தானே? அடைக்கலமும் நலந்தானே?

நீ கேட்டபடி ஏப்ரலில் பிரமாணப் பத்திரம் கொடுத்தேன். நாலும் அதில் இருந்தன. நீ ஒரு வரி எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது. வாரியம் என்னை எல்லாக் குழுக்களில் இருந்தும் நீக்கிவிட்டது. கல்லூரியில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வருடம் ஓய்வு பெறும்போது இது கூடவே வரும். உன் அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறாள்.

நீதிமன்றம் சொன்னபடி புதுக் குழு கூடி 87-க்கு விடை 'ஏ' என்று திருத்தியதையும், நேற்று வந்த புதிய தரவரிசையையும் பார்த்தேன். உனக்கு மதிப்பெண் ஏறியிருக்கிறது. அந்தக் கறம்பக்குடிக்காரருக்கும் அதே அளவு ஏறியிருக்கிறது. அவரும் 'ஏ' என்றுதான் எழுதியிருக்கிறார். அதே வித்தியாசம், அதே முதல், அதே இரண்டாவது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், நீ வேலையை இழந்ததற்கு நான் காரணம் இல்லை என்று தெரிந்ததும் மனசு லேசானது. பல மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். நடந்ததை இருவரும் மறப்போம். ஆவணியில் அக்காவோடு அங்கே வரலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
குணசேகரன்

*

ஆலங்குடி,
02.08.2025

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. வயிறாரச் சாப்பிட்டது தெரிந்துகொண்டேன்.

அக்டோபர் இருபத்தாறாம் தேதி, அரவிந்த்குமார் என்ன விடை எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டா என் ஆட்சேபணையை மறுத்தீர்கள்? இவளுக்கு எப்படியும் கிடைக்காது என்று தெரிந்துகொண்டா மறுத்தீர்கள்? எனக்குக் கிடைத்துவிடக்கூடும் என்ற நிலையில், என் விடை சரி என்று தெரிந்தே, உங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள மறுத்தீர்கள். நீங்கள் செய்தது அது. தரவரிசை மாறாததால் அது மாறிவிடாது.

இரண்டாவது ஆனதில் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. பாடம் நடத்தும்போது சாக்பீஸ் உடைகிறது. ஆனால் என்னை ஒரு கேள்வியில் நேர்மையாக முந்தியவர் மேல் அதைக் காட்ட முடியாது. என் வழக்கால் அவருக்கு வேலை உத்தரவு ஆறு மாதம் தள்ளிப்போனது. அதைச் சொல்லி வருத்தம் தெரிவிக்கலாம் என்று போன ஞாயிறு நானும் உங்கள் சகலையும் கறம்பக்குடிக்குப் போனோம். இருபத்தாறு வயது. கடலைக் கொல்லையில் வேலையாக இருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார்.

"நீங்க எதுக்குங்க வருத்தப்படுறீங்க? நானும் 'ஏ'தாங்க போட்டிருந்தேன்" என்றார்.

"அப்பறம் ஏன் நீங்க ஆட்சேபணை போடல?"

"பெரிய பெரிய புரொபசரெல்லாம் உக்காந்து சொல்றாங்க, நமக்குத்தான் தெரியல போலன்னு நெனச்சேங்க. நான் படிச்ச புக்குல அந்தப் பக்கத்தையே பேனாவால அடிச்சுட்டேன்."

உள்ளே போய் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினார். டோரோசாரஸ் தனிப் பேரினம் என்று நாலு காரணத்தோடு தெளிவாகப் போட்டிருக்கிறது. மூலைக்கு மூலை ஒரு கோடு. ஓரத்தில் 'தவறு' என்று எழுதியிருக்கிறார்; வாரியம் விடையைத் திருத்திய பிறகும் அது அப்படியே இருக்கிறது. அதே மாதிரி எத்தனை வீட்டில் எத்தனை பேர் சரியாகப் படித்ததை அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது உங்கள் சகலை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆவணியில் அக்கா வரட்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். நீங்கள் வர வேண்டாம். என்றைக்கு வரலாம் என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்தால் எழுதுவேன்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். பதினெட்டாம் தேதி திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தில் வேலையில் சேரப்போகிறவர், பெரிய புரொபசர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டு சேரக் கூடாது. அந்தப் பக்கத்தில் அச்சடித்திருந்ததுதான் சரி, தப்பு என்று சொன்னவன் நான், தெரிந்தே சொன்னேன் என்று உங்கள் கையால் எழுதி, உங்கள் பெயரைப் போட்டு அவருக்கு அனுப்புங்கள். முகவரி கீழே.

கலைமதி

திரு. வீ. அரவிந்த்குமார்,
மேலத் தெரு,
கறம்பக்குடி,
புதுக்கோட்டை மாவட்டம்.